கமிட்மென்ட் என்பது கடன் மட்டும்தானா? கடப்பாட்டுக்கும் மனநிறைவுக்கும் உள்ள உறவு

பினாங்கில் மாலை வேளையில் ஓர் ஒட்டுக்கடையில் அமர்ந்து நம்மவர்களின் பேச்சைச் சற்றுக் கவனித்தால், "இந்த மாசம் கமிட்மென்ட் அதிகம்" என்ற வாக்கியம் எப்படியும் ஒரு முறை காதில் விழும். சம்பளத்தின் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்கும் கார்த் தவணைக்கும் போய்விட்டது என்பதே அதன் பொருள். மலேசியத் தமிழர் பேச்சில் இந்தச் சொல் கடனோடு இறுக ஒட்டிக்கொண்டுவிட்டதால், கமிட்மென்ட் இல்லாதவரே நிம்மதியானவர் என்ற எண்ணமும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. உளவியலாளர்களோ அதே சொல்லை வேறொரு பொருளில் ஆள்கிறார்கள். அந்தப் பொருளில் பார்த்தால், மனிதருக்கு நீடித்த நிறைவைத் தரக்கூடியவற்றுள் அதுவும் ஒன்று. ஒரே சொல் ஓரிடத்தில் சுமையையும் இன்னோரிடத்தில் நிறைவையும் குறிப்பது எப்படி என்பதை, இத்துறையை இதுவரை எட்டிப் பார்த்திராதவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

நம் பள்ளிப் பாடநூல்களில் வழங்கும் 'கடப்பாடு' என்ற சொல்லையே இக்கட்டுரையில் பயன்படுத்துகிறேன். நாளை என் மனம் மாறக்கூடும் என்று தெரிந்திருந்தும், நாளை நான் எப்படி நடந்துகொள்வேன் என்பதை இன்றே ஒப்புக்கொள்வதுதான் கடப்பாடு. இதை ஆர்வத்தோடும் பழக்கத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு மிருதங்கம் பிடிக்கும் என்றால் அது ஆர்வம். காலையில் எழுந்ததும் பல் துலக்குவது பழக்கம். அதற்கு மனம் எந்த முயற்சியும் செய்வதில்லை. சனிக்கிழமை காலை மழை கொட்டுகிறது, விரல்கள் வலிக்கின்றன, நண்பர்கள் பத்து ஃபெரிங்கிக் கடற்கரைக்குக் கூப்பிடுகிறார்கள், அப்படியிருந்தும் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார் என்றால், அங்கேதான் கடப்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. விருப்பம் உள்ள நாள்களில் கடப்பாட்டுக்கு வேலையே இல்லை. விருப்பம் குன்றும் நாள்களுக்காகத்தான் அதை முன்கூட்டியே ஏற்படுத்தி வைக்கிறோம்.

இந்தப் பிணைப்பு எதனால் உண்டாகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980-களின் தொடக்கத்தில் ஒரு தெளிவான கோட்பாடாக வகுத்தார். ஓர் உறவில் ஒருவர் நிலைத்திருப்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன என்றார் அவர். அந்த உறவு தரும் திருப்தி முதலாவது. அதை விட்டால் வேறு என்ன கிடைக்கும் என்ற கணக்கு இரண்டாவது. இதுவரை அதில் போட்ட காலமும் உழைப்பும் நினைவுகளும் மூன்றாவது. திருப்தி கூடினால் பிணைப்பும் கூடும். மாற்று வழிகள் கவர்ச்சியாகத் தெரிந்தால் பிணைப்பு தளரும். போட்ட முதல் பெரிதானால் மறுபடியும் இறுகும். காதலர்களை வைத்துத் தொடங்கிய இக்கோட்பாடு பிற்பாடு நட்புக்கும் வேலைக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது. இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. திருப்தி சிறிதும் இல்லாமல், மாற்று வழி இல்லாததாலும் போட்டதை இழக்க மனமில்லாததாலும் மட்டுமே ஒருவர் ஓர் உறவிலோ வேலையிலோ ஒட்டிக்கொண்டிருக்க முடியும். பார்ப்பவர்களுக்கு அவர் உறுதியானவராகத் தெரிவார். உள்ளுக்குள் அவர் சிக்கிக்கொண்டவராக இருப்பார். இதைப் பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் 1991-இல், ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தின் மீது கொள்ளும் கடப்பாட்டை மூன்று வகையாகப் பிரித்தார்கள். எளிய தமிழில் சொல்வதானால், "இருக்க விரும்புகிறேன்" என்பது ஒரு வகை, "இருந்தாக வேண்டியிருக்கிறது" என்பது இன்னொரு வகை, "இருப்பதே முறை" என்பது மற்றொரு வகை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பத்து ஆண்டுகளாக ஒரே பிரிவில் வேலை செய்யும் மூவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு அந்த வேலையின் நுணுக்கமும் உடன் வேலை செய்பவர்களும் பிடித்துப் போனார்கள். அடுத்தவர் வீட்டுத் தவணைக்கு அஞ்சி இருக்கிறார். மூன்றாமவர், தன் இக்கட்டான நேரத்தில் கைகொடுத்த மேற்பார்வையாளரை விட்டுப் போவது சரியில்லை என்று இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் மூவருக்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் இத்துறையில் பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரும்பி இருப்பவர்களிடம் மன அழுத்தம் குறைவாகவும், வேறு வழியின்றி இருப்பவர்களிடம் அது கூடுதலாகவும் காணப்பட்டது. ஒட்டுக்கடையில் நாம் புலம்பும் கமிட்மென்ட் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்த ஒரு வகையை மட்டும் தெரிந்துகொண்டு, கடப்பாடு என்றாலே சுமை என்ற முடிவுக்கு நாம் வந்துவிடுகிறோம்.

சரி, விரும்பி ஏற்ற கடப்பாடு நிறைவைத் தருவது எப்படி? எனக்குப் புரிந்த வரையில், அதன் முதற்பயன் மனத்தை ஓயாத தேர்வு வேலையிலிருந்து விடுவிப்பதாகும். உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் ஈபர்ட்டும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. ஹார்வர்டில் நிழற்படக்கலை பயின்றவர்கள், தாங்கள் எடுத்த படங்களுள் மிகவும் பிடித்த இரண்டைத் தங்கள் கையாலேயே அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு சாராரிடம், மனம் மாறினால் சில நாள்களுக்குள் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம், எடுத்த முடிவு முடிந்த முடிவு, மாற்ற இயலாது என்று சொல்லப்பட்டது. பிற்பாடு கேட்டபோது, மாற்ற இயலாதவர்களே தங்கள் படத்தைக் கூடுதலாக விரும்பினார்கள். மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றவர்களின் மனம், விட்ட படம்தான் சிறந்ததோ என்று இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டவர்களின் மனமோ, கையில் இருக்கும் படத்தின் அருமையைத் தேடிக் கண்டுபிடிக்கத் தொடங்கியது.

இந்த ஆய்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி வேறு. மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு தங்கள் விருப்பத்தைக் குறைக்கும் என்று அவர்கள் முன்கூட்டி எதிர்பார்க்கவில்லை. எந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் மாற்றிக்கொள்ள இடம்தரும் ஏற்பாட்டையே விரும்பினார்கள். நமக்கு எது நிம்மதி தரும் என்று நாம் போடும் கணக்கு இப்படித் தவறுவது இயல்பு. எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்திருப்பதைச் சுதந்திரம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு கதவையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிடுவதை உணர்வதில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் பெரும்பாலும் உலகத்திலேயே சிறந்ததைத் தேடுவதில்லை, தமக்குப் போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 1950-களில் எழுதினார். எல்லாரும் அப்படி நிறுத்திக்கொள்வதில்லை என்பதை உளவியலாளர் பாரி ஷ்வார்ட்ஸ் முதலியோர் பின்னர் காட்டினார்கள். ஷீனா ஐயங்காரும் ஷ்வார்ட்ஸும் உள்ளிட்ட குழுவினர் 2006-இல், படிப்பை முடித்து வேலை தேடிய அமெரிக்கப் பட்டதாரிகளை ஆராய்ந்தபோது, எதிலும் ஆகச் சிறந்ததையே தேடும் இயல்புடையவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் சம்பளம் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் கிடைத்த வேலையில் அவர்களின் மனநிறைவு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பணம் வந்தது, நிறைவு வரவில்லை. தேடலை நிறுத்தாத மனம், கிடைத்ததில் குடியேறுவதில்லை.

கடப்பாட்டின் இன்னொரு பயன், காலத்தைக் கனிய விடுவது. இதற்கு ஆய்வைவிட அனுபவமே நல்ல சாட்சி. நாதஸ்வரமோ தையலோ மரவேலையோ, எந்தக் கலையானாலும் தொடக்கத்தில் ஓர் உற்சாகம் இருக்கும்; பிறகு வறண்ட, நெடிய நடுப்பகுதி ஒன்று வரும்; அதைக் கடந்தவருக்கே கை தானாகப் பேசத் தொடங்கும். அந்த வறண்ட பகுதியில் இன்பம் கிடைப்பதில்லை. ஆர்வத்தை மட்டும் நம்பி வந்தவர் அங்கேயே திரும்பிவிடுகிறார், பிறகு வேறொன்றைத் தொடங்குகிறார், அதிலும் நடுப்பகுதியில் திரும்பிவிடுகிறார். இப்படிப் பத்துக் கலைகளின் முதல் மாதத்தை மட்டும் சுவைத்தவருக்கு, ஒரு கலையின் பத்தாவது ஆண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. உறவுகளும் அப்படித்தான். 1938-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஹார்வர்டின் நெடுங்கால ஆய்வு, 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் உடல்நலத்தோடு இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அந்த ஆய்வு ஆண்களை மட்டும் கொண்டு தொடங்கியது என்பதையும், இரண்டு ஒன்றாகக் காணப்படுவதால் ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அறுபது வயதில் ஒரு நண்பரோடு முப்பது ஆண்டுக் கதைகளைப் பேச வேண்டுமானால், முப்பது வயதிலேயே அந்த நட்பைப் பேணத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இவ்வளவையும் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களின் வழியாகச் சொன்னேன். நல்ல கடப்பாடு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு முழுமையான வடிவம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நேர்த்திக்கடனைத்தான் சொல்கிறேன்.

பினாங்கில் தைப்பூசம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் நாள் விடியலில் வெள்ளி ரதம் புறப்படும். வழிநெடுகத் தேங்காய்கள் சிதறும். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையின் இரு புறமும் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசை கட்டும். மறுநாள் பால்குடமும் காவடியும் ஏந்தியவர்கள் தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏறுவார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலையின் 272 படிகள். இதை வேடிக்கையாகப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அலகும் காவடியும் மட்டுமே தெரிகின்றன. கடப்பாடு என்ற நோக்கில் பார்க்கும்போது, நேர்த்திக்கடனின் கட்டமைப்பு என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

வேண்டுதலை ஒருவர் தாமே வைக்கிறார். பிறர் அவர்மேல் சுமத்தினால் அது வேண்டுதலாகாது. எதற்காக என்பது அவருக்குத் தெரியும்: தாயின் அறுவைச் சிகிச்சை, பிள்ளைப்பேறு, குடிப்பழக்கத்திலிருந்து மீள்வது என்று ஏதோ ஒன்று. அதற்கு ஓர் அளவு உண்டு. ஓராண்டு என்றோ மூன்றாண்டு என்றோ சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறோம். அந்த ஒரு நாளுக்கு முன்னால் பல நாள் விரதம் இருக்கிறது; ஒரு மண்டலமாகிய 48 நாள் இருப்பவர்களும் உண்டு, அதைவிடக் குறைவாக இருப்பவர்களும் உண்டு. பெரிய முடிவு இப்படி, இன்று இறைச்சியைத் தவிர்ப்பது, இன்று தரையில் படுப்பது என்று ஒரு நாளுக்குரிய சிறு செயல்களாகப் பிரிந்துவிடுகிறது. ஊரும் உறவும் அறியச் செய்கிறோம். படியேறும்போது முன்னும் பின்னும் வேல் வேல் என்று முழங்க ஆள்கள் இருக்கிறார்கள். காலில் தண்ணீர் ஊற்ற யாரோ ஒரு பெயர் தெரியாத அக்கா நிற்கிறார். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, நேர்த்திக்கடனுக்கு முடிவு உண்டு. "கடனைச் செலுத்திவிட்டேன்" என்று மனநிறைவோடு சொல்லி இறக்கி வைக்க முடிகிறது. வங்கிக் கடனையும் இறைவனுக்குச் செலுத்துவதையும் நம் மொழி ஒரே சொல்லால் குறித்தாலும், ஒன்றில் செலுத்திய பின் வருவது பெருமூச்சு, மற்றதில் வருவது கண்ணீரோடு கூடிய மகிழ்ச்சி.

இந்த மகிழ்ச்சியை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். டிமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற மானுடவியலாளரின் குழு, மொரீசியஸ் தீவில் தமிழ் மரபைப் பின்பற்றிக் காவடி எடுப்பவர்களை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. அலகு குத்தியவர்களின் உடல்நலத்தில் பின்னர் தீங்கு எதையும் அவர்கள் காணவில்லை. தங்கள் வாழ்வு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது காவடி எடுத்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. கூடுதலான வலியை ஏற்றவர்களிடம் மேம்பாடும் கூடுதலாக இருந்தது. வலியே மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம்பிக்கை, விரதம், சுற்றத்தாரின் அரவணைப்பு, செய்து முடித்த பெருமிதம் அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. அவற்றில் எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்தெடுப்பது எளிதன்று.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவின் அறுவைச் சிகிச்சையை முன்னிட்டு மூன்றாண்டு பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். முதலாண்டில் அம்மா தேறி வந்த நன்றியே என்னைப் படியேற்றிவிட்டது. நான் நடந்ததாகவே எனக்கு நினைவில்லை. இரண்டாம் ஆண்டில் அம்மா நன்றாக இருந்தார், எனக்கோ இரவு ஷிப்ட், விரதத்தின் பாதியில் காய்ச்சல். "இந்த வருசம் விட்டுட்டு அடுத்த வருசம் சேத்து எடுத்துக்கலாம்பா, முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்று அம்மாவே சொன்னார். அந்த வாரம் முழுவதும் எடுப்பதா விடுவதா என்று மனத்துக்குள் வாதாடிக் களைத்துப் போனேன். பிறகு ஓர் இரவு, வேலைக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தில், இந்த முடிவைத்தான் போன வருடமே எடுத்துவிட்டோமே என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் வாதாட்டம் நின்றுவிட்டது. காய்ச்சல் இருந்தது, களைப்பும் இருந்தது. குழப்பம் மட்டும் இல்லை. புகைப்பட ஆய்வைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அந்தப் பேருந்துதான் என் நினைவுக்கு வந்தது.

இதுவரை சொன்னதை மட்டும் படித்துவிட்டு, எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கடப்பாடு தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. ஜெர்மானிய உளவியலாளர் ஜோக்கிம் புருன்ஸ்டைன் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஒரு கல்வித் தவணை முழுவதும் பின்தொடர்ந்தார். தங்கள் இலக்குகளின் மீது மிகுந்த கடப்பாடு கொண்டவர்களில், இலக்கை எட்டச் சூழல் இடங்கொடுத்தவர்களின் மனநலம் உயர்ந்தது. சூழல் இடங்கொடுக்காதவர்களின் மனநலம் சரிந்தது. கடப்பாடு ஒரு பெருக்கி போலச் செயல்படுகிறது. எட்டக்கூடியதன் இன்பத்தையும் அது பெருக்கும், எட்டவே முடியாததன் துன்பத்தையும் அது பெருக்கும். எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு, பொருளுள்ள வேறொன்றில் ஈடுபடத் தெரிந்தவர்கள் கூடுதல் நலத்தோடு இருப்பதை கார்ஸ்டன் ரோஷ் குழுவினர் 2003-இல் காட்டினார்கள். இங்கே இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும்: விடுவதோடு, வேறொன்றைப் பற்றிக்கொள்வதும் தேவைப்படுகிறது.

போட்ட முதலுக்காக மட்டுமே தொடர்வது இன்னொரு பொறி. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் 1985-இல் நாடகப் பருவச் சீட்டுகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரே நாடகங்களுக்கு முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடி பெற்றவர்களைவிடப் பருவத்தின் முதற்பாதியில் அதிகம் போனார்கள். நாடகத்தின் தரம் ஒன்றே. கொடுத்த பணம் மட்டுமே அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. படிக்கத் தொடங்கிய துறை தமக்குப் பொருந்தவில்லை என்று தெளிவாகத் தெரிந்த பின்னும், இரண்டாண்டுக் கட்டணம் வீணாகிவிடுமே என்று மேலும் இரண்டாண்டுகளைச் செலவிடும் பிள்ளைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். கட்டிய பணம் எப்படியும் திரும்பி வராது. இனி வரும் இரண்டாண்டுகள்தான் இன்னும் கையில் இருக்கின்றன.

இதைவிடக் கடுமையான ஓர் உண்மையை ரஸ்பல்ட்டின் கோட்பாடே நமக்குக் காட்டியது. அவரும் ஜான் மார்ட்ஸும் 1995-இல், கணவராலோ துணைவராலோ தாக்கப்பட்டுக் காப்பகத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். திரும்பவும் அந்த உறவுக்கே போனவர்களிடம் காணப்பட்டவை பண வசதியின்மை, போக வேறு இடமின்மை, அந்த உறவில் ஏற்கெனவே போட்டுவிட்ட ஆண்டுகள் ஆகியவையே. நம் சமூகத்தில் இதையே பொறுமை என்றும் குடும்பப் பெண்ணின் உறுதி என்றும் பெயர் சூட்டிப் பாராட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வன்முறையைச் சகித்துக்கொள்வது கடப்பாடு ஆகாது. உடன்பாட்டை முறித்தவர் அடித்தவரே. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாலியான் காசே எனப்படும் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையை 15999 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். கடப்பாட்டைப் போற்றி எழுதும் யாரும் இந்தப் பத்தியை எழுதாமல் கடந்துபோகக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஓரிரு செய்திகளும் உண்டு. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று இடத்தையும் நேரத்தையும் குறித்துத் திட்டமிடுவது, வெறுமனே செய்ய வேண்டும் என்று எண்ணுவதைவிட வலிமையானது என்று கண்டார். 2006-இல் 94 தனித்தனிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அது உறுதிப்பட்டது. "இனி அம்மாவோடு அதிகம் பேசுவேன்" என்பதைவிட, "வியாழன் இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மாவை அழைப்பேன்" என்பது நிறைவேறும் வாய்ப்பு அதிகம். பின்வாங்கும் வழியை முன்கூட்டியே அடைத்துக்கொள்வதும் பயன் தரும். பிலிப்பீன்ஸில் ஒரு வங்கி, குறித்த நாளோ குறித்த தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை வாடிக்கையாளர்களுக்கு வழங்கிப் பார்த்தது. வாய்ப்பளிக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் தாமே விரும்பி அந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டார்கள் என்று 2006-இல் வெளிவந்த அறிக்கை கூறுகிறது. நம் ஊழியர் சேமநிதியின் பெரும்பகுதியை 55 வயது வரை எடுக்க முடியாதபடி வைத்திருப்பதும் ஏறக்குறைய அத்தகைய பூட்டுதான், நாமாகப் போட்டுக்கொண்டதில்லை என்பதைத் தவிர.

எதை ஏற்பது என்பதில்தான் நான் தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அமைப்பில் செயலாளர் பொறுப்பை ஏற்கச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் கேட்டார், முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கிச் சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு காலம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் துணைக்கு இருப்பார்கள் என்று ஒன்றையும் கேட்கவில்லை. எட்டு மாதங்கள் கழித்து ஒரு கடிதம் எழுதி விலகினேன். என்னை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய சங்கடம், எனக்கும் இன்றுவரை அது ஒரு வருத்தம். அந்தப் பொறுப்பை நேர்த்திக்கடனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதை நான் விரும்பி ஏற்கவில்லை, அதற்கு எல்லை குறிக்கவில்லை, அதன் அன்றாட வடிவம் எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லுமுன் ஒரு வாரம் யோசித்திருக்க வேண்டியதை, பிற்பாடு எட்டு மாதங்கள் உறக்கம் கெட்டு யோசித்தேன். இப்போது யாராவது ஒரு பொறுப்பைக் கொண்டுவந்தால், ஒரு வாரம் அவகாசம் கேட்கிறேன்; "எப்போது முடியும்?" என்று கேட்கிறேன். கேள்வி சிலருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. நான் அதை மரியாதையாகவே நினைத்துக் கேட்கிறேன், ஏனென்றால் ஏற்றுக்கொண்டால் முடிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டுப் பால்குடத்தை எடுத்த அன்று, அபிஷேகம் முடிந்து படியிறங்கி வந்து, நிழலில் அமர்ந்து அம்மா கொண்டுவந்த சாதத்தைச் சாப்பிட்டேன். "அடுத்த வருசம் என்னப்பா?" என்று அம்மா கேட்டார். வேண்டுதல் முடிந்துவிட்டது, எனக்கு விடுதலை. அதற்கடுத்த தைப்பூசத்துக்கு, மலையடிவாரத்தில் தெரிந்தவர்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் ஒரு நாள் இரவு மோர் ஊற்றி உதவப் போனேன். யாரும் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை, நானும் ஆண்டுக் கணக்கு எதையும் சொல்லவில்லை. அங்கே எலுமிச்சை அரியும் கத்தி எந்தப் பெட்டியில் இருக்கும் என்பது இப்போது எனக்குத்தான் தெரியும்.